கை வெந்ததும் அரக்கு மங்கியதும்

வேலையில் அடிபட்டவர்கள் முதலில் ஓடுவது டாக்டரிடம். முதலாளி கைவிட்ட பிறகு ஏறி வருவது எங்கள் ஆபீஸ் மாடிப்படி. பெரிய காஞ்சிபுரத்தில் இழப்பீட்டு வழக்கு நடத்தும் வக்கீல் மேடத்திடம் போன் எடுக்கும் பெண் நான். பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தேன். ஒரு தடவை கேட்ட குரல் எனக்கு ஒட்டிக்கொள்ளும். மேடம், மேடத்தின் மாமியார், செவிலிமேடு பஸ் கண்டக்டர் எல்லோரும் என் தொண்டையில் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார்கள்.

ஒரு முதலாளி ஏமாந்த கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைக்கப் போகிறேன். ஆனால் இப்போது இல்லை. நீங்களும் கையையோ காலையோ இடுப்பையோ எங்காவது வேலைக்குக் கொடுத்தவர்தானே? காத்திருந்து பழகியிருப்பீர்கள்.

வெந்நீர்

தாசன் அண்ணன் சாயப்பட்டறை மாஸ்டர். பட்டு நூலைக் கம்பில் மாட்டி, கொதிக்கிற சாயத்தில் திருப்பித் திருப்பி முக்கும் வேலை. ஒருநாள் கொப்பரை சரிந்து, வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. முதலாளியே ஆட்டோவில் கூட்டிப்போனார். வழியெல்லாம் பாடம். "பட்டறையிலன்னு சொல்லாத தாசா, வீண் வம்பு. வீட்ல வெந்நீர் கொட்டிக்கிச்சின்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அண்ணன் அப்படியே சொன்னார். ஆஸ்பத்திரி சீட்டிலும் அப்படியே ஏறியது. எழுதிய நர்ஸ் மட்டும் அந்தக் கையை ஒருதரம் உற்றுப் பார்த்தாராம். "உங்க வீட்ல வெந்நீரு அரக்கு கலர்லயா காயும்?"

எந்த தாசன்?

புண் ஆறியது, விரல் மடங்கவில்லை. மத்ததைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் அண்ணனைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அண்ணன் அவரிடம்தான் வேலை பார்த்தார் என்று காட்டினால்தான் இழப்பீடு. காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கூட நின்றவர்களுக்கும் வேலை போய்விடும் என்று பயம்.

மேடம் நோட்டீஸ் அனுப்பியதும் முதலாளி போன் செய்தார். தறிச் சத்தத்தில் வளர்ந்த காது அவருக்கு. ஸ்பீக்கரில் போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார். "எந்த தாசன்மா? பட்டறைன்னா நாலு பேரு வேடிக்கை பாக்க வருவாங்கோ. அதுல ஒருத்தன் கொப்பரையில கைய வுட்டா நான் இன்னா பண்றது?"

ஒத்திகை

விசாரணையில் எதிர்த்தரப்பு மிரட்டினால் அண்ணன் தடுமாறக் கூடாதே! நானே முதலாளியாகி, அந்தக் கரகரப்பைத் தொண்டையில் ஏற்றி, "டேய் தாசா, நீ எங்கிட்ட வேலை பாத்தியாடா?" என்றேன். அண்ணன் சடாரென்று எழுந்து, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, "இல்லீங்க மொதலாளி, நீங்க சொன்னா சரிதான்" என்றார். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி மறுபடி முயன்றோம். ஒவ்வொரு தடவையும் எழுந்தார்.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவருக்கு ரோஷம் வந்தது. அவர் இல்லாமல் பட்டறையில் அரக்கு மங்கலாக வருகிறதாம், நெசவுக்காரர்கள் முணுமுணுக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. நான் முதலாளி குரலில் இருமினேன், உடனே எழுந்துவிட்டார். "நீ அவரு கொரல எடுத்தீன்னா என் காலு தானா எழுந்துக்குதும்மா, நான் இன்னா பண்ணட்டும்?"

தூண்

தொழிலாளர் அலுவலக வராந்தா. ஒரு பெஞ்சில் தாசன் அண்ணன், எதிர் பெஞ்சில் முதலாளி, பக்கத்தில் அவருடைய வக்கீல். மேடம் உள்ளே போயிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று, சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்கார அம்மா ஒருத்தியைத் தொண்டைக்கு வரவழைத்து, முதலாளிக்குப் போன் போட்டேன். வழக்கம்போல ஸ்பீக்கர்.

"இன்னாங்க, இந்த தபா அரக்கு இப்டி வெளுத்துக்கினு இருக்குது? போன முகூர்த்தத்துக்குக் குடுத்தீங்களே, அது அரக்கு! இது பீட்ரூட் தண்ணி. சாயம் போடத் தெரிஞ்ச ஆளே உங்ககிட்ட கெடையாதா?"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார். "யாருகிட்ட பேசறம்மா நீ? இத்தினி வருசமா நம்ம தாசன் கைதாம்மா நம்ம பட்டறை அரக்கு! அவன் கை வெந்துபோயி படுத்துக்கினான், அதான் வேற ஆளு சாயம் போட்டான். நம்ம தாசன் மாதிரி இந்த ஊர்ல எவன் இருக்கான்?"

எதிர் பெஞ்சில் தாசன் அண்ணன் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டார். "இங்கதான் இருக்கறேன் மொதலாளி."

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவருடைய வக்கீல் பைலை மூடி, "போதும் சார். இதுக்கு மேல தெரியாதுன்னு என்னால வாதாட முடியாது. சமாதானமா குடுத்துடுங்க" என்றார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. போனைப் பார்த்து, "அம்மா, லைன்ல இருக்கியா?" என்றார். நானும் பழக்க தோஷத்தில், "இருக்கறேங்க" என்றேன்.

குரல் போனிலிருந்தும் வந்தது, தூணிலிருந்தும் வந்தது. அவர் போனைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், மெதுவாக எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "அடிப்பாவி, நோட்டீஸ் ஆபீஸ்ல போன் எடுக்கற பொண்ணுதான நீ?"

வெந்த கைக்கு ஒரு சாட்சிகூடக் கிடைக்காத ஊரில், வெந்த பெருமை தானே எழுந்து வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனது.