ஞாயிற்றுக்கிழமை டெராஃப்ளாப்ஸ்

என் மகன் தமிழ்ப் புத்தகம் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவி இருந்தவரை ஐதராபாத்தில் வேலை பார்க்கும் மகனோடு பேசுவது அவள் இலாகா. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டுப் போனோடு உட்கார்ந்தால், குழம்பு வற்றும்வரை பேசுவாள். கடைசியில் போனைக் கொண்டுவந்து என் காதில் வைப்பாள். "நல்லாருக்கியாடா?" என்பேன். "இருக்கேன்ப்பா" என்பான். அத்தோடு சரி. அப்பனும் மகனும் அதற்கு மேல் என்ன பேசிக் கிழிக்கப் போகிறார்கள் என்று இருந்த ஆள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று சாயங்காலமே போய்விட்டாள். மகனுக்கு நான் மாற்றி மாற்றிப் போன் அடித்தும் அவன் எடுக்கவில்லை. அவன் திரும்பக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. "போன் சைலன்ட்ல கெடந்துச்சுப்பா" என்றான், வந்து இறங்கியதும். சரி என்று விட்டுவிட்டேன். பிணம் கிடக்கிற வீட்டில் விசாரணையா நடத்த முடியும்?

காரியம் முடிந்து அவன் கிளம்பிப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு என் தலையில் விழுந்தது. "சாப்ட்டீங்களாப்பா?" "ஆச்சு. நீ?" "ஆச்சுப்பா." பிறகு இரண்டு பேர் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். இப்படியே போனால் வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறையாகும், அப்புறம் தீபாவளி பொங்கலுக்கு என்றாகும் என எனக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டில் நான் ஒற்றை ஆள். அவனையும் விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அவன் கம்ப்யூட்டரில் கேம் ஆடுவதற்கென்று ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தான். வேலைக்குப் போன புதிதில் ஆசையாக வாங்கியது. அதன் ஃபேன் சத்தம் போனில் இரையும். "அங்க என்னடா மிக்ஸி ஓடுது?" என்று அவன் அம்மா கேலி செய்வாள். அது ஞாபகம் வர, ஒரு வாரம், "அந்தக் கார்டு இன்னும் கத்துதாடா?" என்று கேட்டுவைத்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். பிறகு மெதுவாக ஆரம்பித்தான். அதைவிட வேகமாக ஒன்று வந்திருக்கிறது, மெமரி அதிகம், கரண்டும் அதிகம் இழுக்கும் என்று கால் மணி நேரம் பேசினான். போனை வைத்தபோது எனக்குப் பசித்தது. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் பசி என்று ஒன்று எடுத்தது.

விடுவேனா, பிடித்துக்கொண்டேன். கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மோட்டார் பராமரிப்பு என் வேலை. பழங்காநத்தத்திலிருந்து கம்பெனி வேனில் போகும்போது மற்றவர்கள் பாட்டுக் கேட்பார்கள், நான் கிராபிக்ஸ் கார்டு வீடியோ பார்ப்பேன். "என்ன மாப்ள, ரிட்டயர்டு ஆகுற வயசுல கேம் ஆடப் போறியா?" என்று பக்கத்து சீட்டுக்காரர் கிண்டலடித்தார். நீங்க உங்க வேலையைப் பாருங்க என்றேன். ஒரு வெப்சைட்டில் இரண்டு கார்டுகளை அக்கம்பக்கமாக நிறுத்தி, உள்ளே கணக்குப் போடும் கோர் எத்தனை, வேகம் எவ்வளவு, மெமரி எவ்வளவு என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். பார்க்க ஜாதகப் பொருத்தம் மாதிரியே இருக்கும். கோரின் எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்கினால், நொடிக்கு எத்தனை கணக்குப் போடும் என்கிற டெராஃப்ளாப்ஸ் வந்துவிடும். கார்டின் பலம் அதுதான் என்று நம்பிவிட்டேன். போட்டி போடும் இரண்டு கம்பெனிகளை எனக்குப் பச்சை, சிவப்பு என்று பெட்டியின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

"செவப்பு டப்பாதாண்டா பெருசு. நானே பெருக்கிப் பாத்துட்டேன்" என்றேன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

மகன் சிரித்துவிட்டான். "அது காயிதத்துல உள்ள பலம்ப்பா. எல்லாக் கோரும் ஒரு நொடிகூட சும்மா நிக்காம வேலை பாத்தாத்தான் அம்புட்டு வரும். மெமரிலருந்து டேட்டா வந்து சேர்ற வரைக்கும் பாதிக் கோரு கையக் கட்டிக்கிட்டு நிக்கும். அதுவுமில்லாம பச்சையோட கோரும் செவப்போட கோரும் ஒண்ணு கெடையாது. ஒண்ணுக்கு ஒண்ணு வச்சு எண்ணக்கூடாது."

மோட்டார் தகட்டில் அடித்திருக்கும் ஹெச்.பி.யை அப்படியே நம்புகிற ஆட்களை நானே திட்டியிருக்கிறேன். அதனால் அவன் சொன்னது உடனே புரிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே! அதற்காகவே வாராவாரம் வேண்டுமென்றே ஒரு தப்புக் கணக்கோடு போனை எடுத்தேன். அவனும் சளைக்காமல் திருத்தினான். அந்த வருஷத்தை அப்படித்தான் ஓட்டினோம்.

வருஷத் திதிக்கு வந்தான். படையல் போட்டுச் சாப்பாடு முடிந்தும் சொந்தக்காரர்கள் கிளம்புகிற வழியாக இல்லை. "வாய்யா, செத்த வெளிய போய்ட்டு வருவோம்" என்று அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனேன். மலையடிவாரக் குளத்தங்கரையில் ஆலமர நிழலில் உட்கார்ந்தோம். நேரில் பேசவும் என்னிடம் அந்த ஒரு விஷயம்தான் இருந்தது. வேனில் தயார் செய்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். "புதுசா ஒண்ணு வந்துருக்கே, அதுல மெமரி கூட, கோரு கம்மி. ஒன்னோடதையும் அதையும் வச்சுப் பாத்தா எதுடா தேவல?"

"இருங்கப்பா" என்று போனை எடுத்துத் தடவினான். எட்டிப் பார்த்தேன். நான் வேனில் பார்க்கிற அதே வெப்சைட், அதே கட்டம். "என்னடா, ஒனக்கே தெரியாதா?" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "எங்கிட்ட கார்டே இல்லப்பா. அம்மா காரியம் முடிஞ்சு ஐதராபாத் திரும்புன வாரமே வித்துட்டேன். நீங்க ஆசையாக் கேக்குறீங்களேன்னு சனிக்கிழமை ஒக்காந்து படிச்சுட்டுத்தான் பேசுவேன்."

"ஏண்டா வித்த?"

குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்குப் போன் சைலன்ட்ல இல்லப்பா. பக்கத்துலதான் இருந்துச்சு. ஹெட்போன் மாட்டி ஆடிக்கிட்டு இருந்தேன். நீங்க கூப்புடுறதப் பாத்தேன். ஆட்டம் முடியட்டும், பெறகு பேசிக்கலாம்னு போனக் கவுத்தி வச்சுட்டேன்."

வாராவாரம் இவன் புண்ணையல்லவா கிளறியிருக்கிறேன்! அதற்கு இவன் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லியிருக்கிறான். கோபமும் வந்தது, மறைப்பானேன்? ஒரு விளையாட்டுக்காகவாடா என்று கன்னத்தில் ஒன்று வைக்கக் கை துடித்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் கை தானாக மடிக்குப் போய்விட்டது.

"ஒண்ணு கேக்கணும்ப்பா. அம்மா என்னையத் தேடுச்சா?"

தேடினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நல்ல நினைவோடுதான் இருந்தாள். நான் போன் அடிக்கும்போதெல்லாம் "எடுத்தானாங்க?" என்று கேட்டாள். வேலையாக இருப்பான் என்றேன். "எங்காதுல வைங்க, ரிங்கு போறதயாச்சும் கேக்குறேன்" என்று போனை வாங்கினாள். அது அடித்து ஓயும்வரை காதிலேயே வைத்திருந்தாள்.

"இல்லய்யா" என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே நெனவு தப்பிருச்சு. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நீ எடுத்திருந்தாலும் பேசியிருக்க முடியாது."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நம்பிவிட்டான். உங்கப்பாவுக்கு வாய்தான் பெருசு, பொய் சொல்லத் தெரியாது என்று அவனிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அவள்தான்.