கயிற்றின் இந்த முனை

போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நெம்மேலிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக் கரை. வளரிளம் பிள்ளைகளுக்குக் கடலில் நீந்தக் கற்றுத்தரும் சிறு குழுவில் நானும் ஒரு தன்னார்வலன். கேளம்பாக்கத்து அடுக்ககப் பிள்ளைகளும் குப்பத்துப் பிள்ளைகளும் கலந்து வருவார்கள். வாரமெல்லாம் கணினித் திரையில் வதங்கும் என் கண்களுக்கு அந்த நீலம்தான் மருந்து.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு நீளக் கயிற்றின் முனையைப் பிடித்தபடி இடுப்பளவு நீரில் நிற்போம். பிள்ளைகள் அதைப் பற்றிக்கொண்டு நீந்துவார்கள். பெற்ற பிள்ளையைப் பெற்றவரின் கயிற்றில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், மற்ற பிள்ளைகள் தவறிவிடும். அதனால் என் மகள், படகுக்காரரான ஒரு நண்பரின் கயிற்றில் இருந்தாள். அவர் மகள் என் கயிற்றில்.

அன்று விடிந்ததிலிருந்தே கடல் முறைத்துக்கொண்டிருந்தது. கரையேறச் சொல்லி விசில் ஊதிய நேரம் பார்த்து ஓர் அலை எழுந்து எங்கள் தலைக்கு மேல் உடைந்தது. உப்பைத் துப்பிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். என் கயிற்றில் எல்லாத் தலைகளும் இருந்தன. பக்கத்துக் கயிற்றில் மஞ்சள் தொப்பியைக் காணோம்.

என் மகளின் தொப்பி.

உடம்பு தானாகவே அந்தப் பக்கம் பாயத் திரும்பியது.

"அண்ணாத்த! கயித்த வுடாத! எம் பொண்ணு அதுல கீது!"

கத்திக்கொண்டே தன் கயிற்றை, உதவிக்கு நின்ற ஒரே கல்லூரி மாணவியின் கையில் திணித்துவிட்டு நண்பர் நீருக்குள் மறைந்தார். எனக்குக் கைமாற்றிவிட யாரும் இல்லை.

நான் நின்றேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. எதிரே வெறும் தண்ணீர். எத்தனை பெரிய தண்ணீர்!

"இன்னா அங்கிள், பயந்துகினு நிக்கிற? இஸ்து வா. எங்கப்பா இட்டாந்துடும்" என்றாள், கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த அவர் மகள். 

கடலைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கயிற்றை இழுத்தேன். கரைக்கு நெருங்கும் ஒவ்வோர் அடியும் மகளை விட்டு விலகும் அடி. கடைசிப் பிள்ளை மணலில் ஏறியபோது, வடக்கே வெகுதூரம் தள்ளி, நுரைக்கு நடுவில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று அசையவில்லை.

நண்பர் என் மகளைக் கரைசேர்த்து, மணலில் கிடத்திக் குப்புறத் திருப்பியதும் அவள் இருமினாள். உப்புநீராக வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிய சத்தம் எதையும் நான் கேட்டதில்லை.

அதன் பிறகுதான் நண்பர் தன் மகளைத் தேடித் திரும்பினார்.

"இன்னாம்மா, அங்கிள் வுட்டுட்டாரா?"

"எங்க வுட்டாரு? இன்னும் புட்சிகினுதான் கீறாரு, பாரு!"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரும் கரையேறிவிட்டார்கள். வெறும் கயிற்றைப் பிடித்த என் விரல்கள் மட்டும் திறக்க மறுத்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். "வுடு அண்ணாத்த, கரைக்கு வந்தாச்சு" என்றார்.

மகள் இன்றும் அவர் கயிற்றில்தான் நீந்துகிறாள்; என் கயிற்றில் யார் வீட்டுப் பிள்ளை தொங்கினாலும், அதன் மறுமுனையை எங்கோ ஒருவர் எனக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில்தான் இந்த முனையை இறுக்குகிறேன்.