மதிப்பெண் போடாத மருந்து

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறார். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? இஞ்சி மிட்டாய் விற்கும் கம்பெனி. மூக்கால் ஒரு சத்தம். பிறகு நடுப்பக்கத்துக்கு வந்து பென்சிலால் கழித்துப் பார்க்கிறார். வாந்திக்கு இஞ்சி கொடுத்துப் பார்த்த அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் நாற்பத்தெட்டு பேர், கடைசிவரை இருந்தவர்கள் முப்பத்தைந்து பேர். டெல்மர் ஹோவ்லாண்ட் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார்.

“பதிமூணு பேர் எங்க போனாங்க?”

எதிர் மேசையில் இருக்கும் மாய் யாங் தலை நிமிராமலே பதில் சொல்கிறாள். “வாந்தி எடுக்கப் போயிருப்பாங்க, டெல்மர்.”

அவர் சிரிப்பதில்லை. அந்தப் பதிமூன்று பேரும் செயின்ட் பால் நகரத்துக் குளிரில் சட்டையில்லாமல் நிற்பது போல அவருக்கு ஒரு கவலை. இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. மூலிகை மருந்தைப் பற்றி உலகத்தில் எவர் ஆய்வு செய்து எழுதினாலும் அது கடைசியில் இந்த இரண்டாவது மாடிக்கு வந்து சேரும். அவர் ஒரு பிரதியைப் படிப்பார், மாய் ஒரு பிரதியைப் படிப்பாள். பதினான்கு கேள்விகள் கொண்ட படிவத்தைத் தனித்தனியாக நிரப்பி மதிப்பெண் போட்டுவிட்டு, அப்புறம் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுவார்கள். டெல்மர் மருத்துவர் இல்லை. மூலிகைக்கு எதிரியும் இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதுகூட அவருக்கு அப்புறம்தான். வேலை செய்கிறது என்று சொல்கிற ஆளை எவ்வளவு நம்பலாம், அதுதான் அவர் கேள்வி.

புதினா எண்ணெய் ஆய்வு ஒன்றில், எண்ணெய்க்குப் போட்டியாக வெறும் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, ‘எது எதென்று நோயாளிகளுக்குத் தெரியாது’ என்று எழுதியிருந்தார்கள். டெல்மர் அன்று மதியம் சாப்பிடவில்லை. “மூக்கை என்ன வாசல்லயே கழட்டி வெச்சுட்டு உள்ள போனாங்களா?” என்று மாடி முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

இந்தக் குணத்தை ஆபீசோடு விட்டுவிட்டு வருகிற மனிதரா என்றால், அதுதான் இல்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிறு விருந்து. இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் போட்டு அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ். பாதிரியார் வந்து, “உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது” என்று மனசாரச் சொன்னார். “சாப்பிடாம எழுந்து போனவங்களையும் கேட்டீங்களா?” என்றார் டெல்மர். முப்பதாவது கல்யாண நாளில் அவர் மனைவி ஆர்டிஸ், “உன்னோட சந்தோஷமா இருந்தேன்ப்பா” என்று கையைப் பிடித்தபோது இந்த மனிதர் வாயிலிருந்து வந்தது, “எதோட ஒப்பிட்டு?” அந்த வாரம் முழுக்க வீட்டில் டப்பா சூப்தான். 

ஆர்டிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். முப்பத்தொரு வருடம் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பனியில் வண்டியைச் சூடுபண்ணி, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனவர். ஓய்வு பெற்ற பிறகு தூக்கம் ஓடிப்போய்விட்டது. பகலில் கரண்டியோடு அடுப்படியில் நின்றபடியே கண் செருகும். ஒருநாள் பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியைக் காரால் இடித்துச் சாய்த்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு குருவியைக்கூட இடிக்காத ஆள். அன்று சாவியை ஆணியில் மாட்டியவர் அப்புறம் அதைத் தொடவில்லை.

கூட்டுறவுக் கடையில் யாரோ சொல்லி வலேரியன் வேர்த்தூள் கேப்சூல் வாங்கி வந்தார். தூக்கம் வந்தது. கூடவே காலையில் தலைவலியும் வந்தது. அந்த வேர், மழையில் நனைந்து மூன்று நாள் காயாமல் கிடந்த காலுறை போல நாறும். ஆனால் பூனைகளுக்கு அது உயிர். அவர்கள் வீட்டுப் பூனை பிஷப், இருபது பவுண்டு எடை, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காத பேர்வழி, அந்தப் பாட்டிலைத் திறந்தால் போதும், ஓடிவந்து கட்டிப் புரளும். ஆர்டிஸுக்கு அதுதான் தர முத்திரை. பூனை திரும்பிப் பார்க்காத பாட்டில் ஒன்றை அவர் கடைக்கே திருப்பிக் கொண்டுபோனார். ஏன் என்று கேட்ட கடைக்காரப் பெண்ணிடம், “பிஷப்புக்குப் பிடிக்கலம்மா” என்றார். அந்தப் பெண் பயபக்தியோடு வேறு பாட்டில் எடுத்துக் கொடுத்தாள்.

“ஒரே ஒரு மதிப்பீட்டாளர். அதுவும் பூனை” என்று டெல்மர் புலம்பினார்.

“பூனைக்கு எந்தக் கம்பெனியும் பணம் கொடுக்கலையே” என்றார் ஆர்டிஸ். 

போன பிப்ரவரியில் அதே வலேரியனைப் பற்றி ஓர் ஆய்வு ஆபீசுக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, மருந்தில்லாத போலி கேப்சூல்களை வேரோடு சேர்த்து ஒரு வாரம் மூடி வைத்து நாற்றம் ஏற்றினோம், யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். “சும்மா சொல்றாங்க” என்று டெல்மர் தாமே இறங்கிவிட்டார். சமையலறை மேசையில் உட்கார்ந்து காலி கேப்சூல்களில் அரிசி மாவை அடைத்தார். ஆர்டிஸ் தீர்த்துப்போட்ட பாட்டில் ஒன்றை லேபிள் கிழியாமல் எடுத்து, அதில் போட்டு, வேர்த்துண்டு ஒன்றையும் உள்ளே வைத்து ஒரு வாரம் மூடினார். அடையாளத்துக்குப் பாட்டிலின் அடியில் கடுகளவு மைப்புள்ளி. ஆபீசில் ஆறு பேர் அசலையும் போலியையும் மோந்து பார்த்தார்கள். மூன்று பேர் சரி, மூன்று பேர் தப்பு. ஆய்வு எழுதியவர்கள் சொன்னது உண்மைதான். முழு மதிப்பெண் போடவேண்டி வந்ததில் டெல்மருக்கு இரண்டு நாள் முகம் சரியில்லை. அந்த வருத்தத்தில் வேர்த்துண்டை எடுத்துத் தூக்கிப் போட்டவர், பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துபோனார்.

மூன்று வாரம் கழித்துக் காலைச் சாப்பாட்டு மேசையில் ஆர்டிஸ் பேச்செடுத்தார்.

“டெல்மர், இந்தத் தடவ நீ வாங்கி வெச்சியே, அந்தச் சரக்கு ரொம்ப நல்ல சரக்குப்பா. அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கறேன். தலவலியும் இல்ல.”

“நான் வாங்கினேனா?”

“ரொம்பத்தான் நடிக்காத. என்னோடது தீந்துபோன அன்னிக்கே அலமாரில புதுசு நிக்குது. நம்பிக்கை இல்லாத மனுஷன், எனக்காக வாங்கி வெச்சிருக்கான்னு தங்கச்சிகிட்டகூடச் சொல்லிட்டேன். அவ அழுதுட்டா.” பாட்டிலை உயர்த்தி ஆட்டிக் காட்டினார். அடியில் கடுகளவு மைப்புள்ளி.

அத்தோடு விட்டாரா? “வியாழக்கிழமை டுலூத்துக்கு நானே ஓட்டிட்டுப் போறேன். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன், நான்தான் கூட்டிட்டு வரணும்” என்று ஆணியிலிருந்த சாவியை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். டெல்மர் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

ஆபீசில் மாயிடம் ரகசியமாகச் சொன்னார். “மூணு வாரமா அரிசி மாவுல தூங்கறாங்க.”

“எத்தன பேரு?”

“ஒருத்தர்.”

“எதோட ஒப்பிட்டு?” என்றாள் மாய், நாற்காலியை நன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு. எத்தனை வருடமாகக் காத்திருந்தாளோ.

“முன்னாடி இருந்த ஆர்டிஸோட.”

“சொல்லிட வேண்டியதுதானே? போலின்னு சொல்லியே கொடுத்தாலும் சில பேருக்குக் கேக்குதுன்னு போன வருஷம் ஒரு கட்டுரை வந்துச்சே.”

“அதுல எத்தன பேர் பாதியில எழுந்து போனாங்கன்னு பாத்தியா? ஆர்டிஸ் எழுந்து போயிட்டா நான் எங்க போவேன்?”

மாய்க்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப பேசாம நெஜ மருந்தையே அதுல மாத்திப் போட்டுடுங்க.”

“தலவலி திரும்ப வந்துரும். தலவலியோட ரெண்டரை மணி நேரம் எப்படி ஓட்டுவா?” மாய் அவருடைய பென்சிலை எடுத்துச் சீவிக் கொடுத்தாள்.

ஆனால் மாவில் ஏற்றிய நாற்றம் எத்தனை நாளைக்கு நிற்கும்? முதல் வாரம் பாட்டிலைக் கட்டிப் புரண்ட பிஷப், மூன்றாவது வாரம் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. இப்போது பாட்டிலைத் திறந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. சனிக்கிழமை காலை ஆர்டிஸ் கண்ணெல்லாம் சிவந்து அடுப்படிக்கு வந்தார்.

“மூணு மணிக்கே முழிச்சுட்டேன். பிஷப் திரும்பிக்கூடப் பாக்கல, கவனிச்சியா? சரக்கு செத்துப் போச்சுப்பா. செத்துப்போன மருந்தச் சாப்பிட்டா எங்க தூக்கம் வரும்?” சாவியை மறுபடி ஆணியில் மாட்டினார். “தங்கச்சிய வாடகைக் காருல வரச் சொல்லணும்.”

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேர் டெல்மரை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். எண்களை மாற்றி எழுதுகிறவர்கள், ஓடிப்போனவர்களை மறைக்கிறவர்கள், பிடிக்காத முடிவைக் கடைசிப் பக்க அடிக்குறிப்பில் புதைக்கிறவர்கள். ஒவ்வொருவரையும் கையும் களவுமாகப் பிடித்தவர் அவர். மறுநாள் ஞாயிறு, ஆர்டிஸ் தோழி ஒருத்தியின் காரில் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிளம்பியபோது, “எனக்கு இருமலா இருக்கு, நான் வரல” என்றார். சாட்சி எதுவும் கேட்காமல் ஆர்டிஸ் அதை நம்பிவிட்டுப் போனார்.

கார் சத்தம் தெரு முனையில் ஓய்ந்ததும் டெல்மர் முந்தின நாள் கடையில் ரகசியமாக வாங்கிவந்த உண்மையான கேப்சூல் ஒன்றைப் பிரித்தார். தூளை விரலில் தொட்டுத் தொட்டு, பாட்டில் மூடியிலும் கழுத்திலும் லேபிள் ஓரத்திலும் ஒரு துளி மிச்சம் வைக்காமல் தேய்த்தார். அடியிலிருந்த மைப்புள்ளியை எச்சில் தொட்டு அழித்தார். மற்றதையெல்லாம் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு இருமிப் பழகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆர்டிஸ் திரும்பி வந்தபோது காப்பி டப்பா கீழே கிடந்தது. தரையெல்லாம் காப்பித்தூள். நடுவில் பிஷப் பாட்டிலை நான்கு காலாலும் கட்டிக்கொண்டு, மல்லாந்து, வாயில் நுரை தள்ளப் புரண்டுகொண்டிருந்தது. ஆர்டிஸ் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டார்.

“சரக்கு நல்லாத்தான் இருக்கு. இதுக்குத்தான் ரெண்டு நாளா மூக்கு அடைச்சிருந்திருக்கும்” என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “இப்பவாவது சொல்லு டெல்மர். இது வேலை செய்யுதா, இல்லையா?”

பூனை பாட்டிலை விட்டுவிட்டு எழுந்தது. மூக்கைத் தூக்கி மோந்தபடி நேராக டெல்மரின் வலது கையைப் பார்த்து வந்தது.

“செய்யுது” என்றார் டெல்மர். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு, இடது கையால் ஆர்டிஸுக்குக் காப்பி ஊற்றினார்.