யாழினி கும்பிடவில்லை

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக் முழுக்க என் மகள் யாழினியைச் சாமிக் குழந்தை என்பார்கள். ஒன்றரை வயதிலேயே இரண்டு கையையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொள்வாள். "பாரேன், எந்நேரமும் கும்பிட்டுக்கினே இருக்குது!" என்று பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கும்பிட ஆரம்பித்த கை, பிஸ்கட்டை எடுக்க மறந்துபோனது. பிறகு பேச்சு போனது. முதலில் 'பூ', அப்புறம் 'அப்பா'. கடைசியாக மிஞ்சியிருந்த 'அம்மா' எந்த நாளில் போனதென்றுகூடத் தெரியாது. திடீரென்று மூச்சை அடக்குவாள். சுரங்கத்து ஷிஃப்ட் சங்கு ஊதி முடியும்வரை மூச்சு திரும்பாது, உதடு நீலமாகும். பிடிவாதம் என்றார்கள். ஒரு டாக்டர் ஆட்டிசம் என்றார். அதற்கான பயிற்சியில் பொம்மையை எடுக்கச் சொல்வார்கள். அவள் அதையே பார்த்து அழுவாள். என் குழந்தையை யாரோ கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போகிறார்கள், நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அந்தப் பயம் இப்போது எழுதும்போதும் விடவில்லை.

போன தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனத்துக்குப் போனோம். ஜோதியை மறைக்கும் ஏழாவது திரையும் விலகியபோது குணமாக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "எம் பொண்ணுக்கு என்னதான் ஆவுதுன்னு காட்டிடு சாமி" என்றுதான் அழுதேன்.

பக்கத்தில் நின்ற குறிஞ்சிப்பாடிப் பெண் யாழினியின் கையையே பார்த்தார். பாப்பா சாமி கும்பிடுகிறதா என்று கேட்காத முதல் ஆள் அவர்தான்.

"கைய இப்படியே பெசஞ்சிக்கினே இருக்குமாங்க? எம் பொண்ணும் இப்படித்தாங்க. ஆட்டிசம்னுதான் மொதல்ல சொன்னாங்க. ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாருங்க."

எடுத்தோம். ரெட் (Rett) சிண்ட்ரோம். மரபணுக் கோளாறு, பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும், பார்க்க ஆட்டிசம் போலவே இருக்கும். முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை, வலிப்பு வரலாம், முதுகு வளையலாம் என்றார் புது டாக்டர். இது என்ன பதில் என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரும் கேட்டார். ஆனால் அதே டாக்டர்தான் சொன்னார்: "கைதாங்க அவ சொல்றதக் கேக்காது. கண்ணு கேக்கும்."

வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் வாழைப்பழம், ஒரு பக்கம் பிஸ்கட் காட்டினேன். பிஸ்கட்டைப் பார்த்தாள். இடம் மாற்றினேன். மறுபடியும் பிஸ்கட்டையே பார்த்தாள். என் மகள் எங்கும் போகவில்லை, உள்ளேயேதான் இருந்திருக்கிறாள். ஓவென்று அழுதுவிட்டேன்.

சங்கு ஊதினால் இன்றைக்கும் அவள் உதட்டைத்தான் பார்க்கிறேன். இனி என்ன வருமோ தெரியாது. ஆனால் நான் கேட்டதைச் சாமி காட்டினார். உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை கற்றதையெல்லாம் இழந்துகொண்டிருந்தால், நம்பிக் கேளுங்கள், டெஸ்ட்டும் எடுங்கள். எங்கள் பிளாக்கில் இன்னமும் சாமிக் குழந்தை என்றுதான் சொல்கிறார்கள். அவள் கும்பிடவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் கும்பிடுகிறேன்.