திரும்பி வரும் வழிக்கு மஞ்சள் பெயிண்ட்

நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார் முதலில் பார்த்தது தரையில் கோடு போடும் வேலை. கார் நிறுத்துமிடங்களிலும் ஆஸ்பத்திரி வாசல்களிலும் பல வருடம் குனிந்தபடியே வெள்ளைக் கோடு போட்டார். முதுகு மக்கர் பண்ண ஆரம்பித்ததும், ஊரை ஒட்டிய மலைச்சரிவில் இருக்கும் இயற்கைப் பூங்காவில் சேர்ந்துகொண்டார். காட்டுக்குள் நடக்கிறவர்கள் வழி தவறாமல் இருக்க, மரத்துக்கு மரம் உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் பெயிண்டில் பட்டை அடிக்க வேண்டும். நின்றபடியே செய்யலாம். “கோட்டைப் போட்டுட்டா போதும், மனுஷன் கேள்வி கேக்காம பின்னாலயே வருவான்” என்பார். அண்ணிக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் தாராளம். அவர் தம்பியைக் கட்டிக்கொண்ட நாள் முதல் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்கோ திசை என்பதே கிடையாது. பெரிய கடைக்குள் போனால் எந்த வாசலில் நுழைந்தேன் என்பது மறந்துவிடும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே விருந்தாளிகளைச் சிரிக்க வைப்பார்.

பூங்காவில் நடைபாதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் கார் நிறுத்துமிடத்திலிருந்துதான் தொடங்கும். கார் இல்லாதவர்கள் காட்டைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அண்ணிக்கு இது பொறுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்தே மேலே இருக்கும் ஏரிக்கு ஒரு பாதை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பூங்காவின் மேற்பார்வையாளர் நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பயப்படுகிறவர். கடைசியில் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். பனி உருகியதும் அண்ணியே புதரை வெட்டினார், சதுப்பு நிலத்தில் பலகை போட்டார், பட்டை அடித்தார். அது அவர் பெற்ற பிள்ளை மாதிரி.

கோடையில் பாதை திறந்தது. ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவர்கள், ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள் எல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கி ஏரியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போனார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டு ஆள் போக வேண்டியிருந்தது. முதலில் ஒரு ஜோடி, பிறகு ஒரு குடும்பம். சதுப்புப் பக்கம் போய்த் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார்களாம். மேற்பார்வையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு ஆள் தொலைந்தால் பாதையை மூடிவிடுவார்.

“கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்தா நான் என்ன பண்றது? பட்டை பளிச்சுன்னு இருக்கு” என்று அண்ணி எரிந்து விழுந்தார்.

அந்த வாரக் கடைசியில் பலகையில் ஆணி அடிக்கத் துணைக்கு என்னைக் கூட்டிப் போனார். ஏறும்போது மஞ்சள் பட்டை கண்ணைப் பறித்தது. ஏரிக்கரையில் வழக்கமாகப் பூங்கா வேன் வந்து அவரை ஏற்றிக்கொள்ளும். அன்றைக்கு வேன் பஞ்சர். நடந்தே இறங்கினோம். நான் முன்னால் போனேன். கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டேன்.

“அண்ணி, இப்ப எந்தப் பக்கம்?”

“பட்டையைப் பாருடி.”

“எங்க இருக்கு?”

அண்ணி பார்த்தார். நானும் பார்த்தேன். பைன் மரங்கள் வரிசையாக நின்றன, ஒன்றில்கூட மஞ்சள் இல்லை. அண்ணி ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். பட்டை அங்கே இருந்தது, ஏறி வருகிறவர்களைப் பார்த்தபடி. ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே பெயிண்ட் அடித்துவிட்டு வேனில் திரும்பிய அண்ணி, இந்தப் பாதையில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அப்புறம் அவரே விழுந்து விழுந்து சிரித்தார். “தரையில போட்ட கோடு எந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும் தெரியும்டி. மரத்துக்கு முதுகு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு!”

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போய் நின்றார். “தப்பு பாதையில இல்ல சார், என்கிட்ட. இறங்குற பக்கமும் அடிச்சிடறேன்.”

“அடிச்ச பிறகும் யாராவது தொலைஞ்சா?”

“அதுக்கு என் தம்பி பொண்டாட்டியைத் தனியா இறங்கச் சொல்றேன். இவ வந்து சேந்தா உலகமே வந்து சேரும். வரலைன்னா மூடிடுங்க.”

துணைக்குப் போன பாவத்துக்கு நான் மாட்டிக்கொண்டேன். அண்ணி ஆசை ஆசையாகப் போட்ட பாதை, கடைக்குள் வாசலைத் தேடுகிறவளின் கையில். எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணியோ பட்டை அடித்து முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

வேன் என்னை ஏரிக்கரையில் இறக்கிவிட்டுப் போனது. இறங்க ஆரம்பித்தேன். புதுப் பட்டைகள் வரிசையாக என்னைக் கூப்பிட்டன. பயம் போய்ப் பாட்டுகூட வந்தது. பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்ததும் பாட்டு நின்றது. முந்தின நாள் காற்றில் ஒரு பிர்ச் மரம் குப்புற விழுந்து கிடந்தது. பட்டை அதன் அடியில் போயிருக்க வேண்டும். முன்னால் இரண்டு வழியிலும் அடுத்த பட்டை கண்ணுக்கு எட்டவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்களே, என்னைக் கட்டாமலேயே விட்டிருந்தார்கள்.

போன் செய்தால் ஆள் வரும். வந்தால் பாதை போச்சு. இடதுபக்கம் கொஞ்சம் நடந்து, திரும்பி நின்று பார்த்தேன். மரங்கள் வெறுமையாக இருந்தன. மறுபடி வந்து வலதுபக்கம் நடந்து திரும்பினேன். ஒரு பைன் மரத்தில் மஞ்சள்! ஏறுகிறவர்களுக்காக அண்ணி அடித்த பழைய பட்டை. ‘அண்ணி இந்த வழியாகத்தான் ஏறியிருக்கிறார்’ என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதற்கு மேல் நான் யாரையும் எதையும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் மேற்பார்வையாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்.

“வழியில ஏதாவது குழப்பம் இருந்ததாம்மா?” என்றார் மேற்பார்வையாளர்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அடுத்து வருகிறவர்களை நினைத்தேன். “ரெண்டாப் பிரியுற இடத்துல பட்டை இல்ல சார். மரம் விழுந்து கிடக்கு” என்றேன். பிறகு நான் வந்த விதத்தையும் சொன்னேன்.

மேற்பார்வையாளர் மோவாயைத் தடவினார். “காத்தடிச்சா மறுநாள் யாராவது மேல இருந்து ஒரு தடவை இறங்கிப் பாக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டா பாதை இருக்கட்டும்.”

“இவ இறங்கிப் பாத்துக்குவா” என்றார் அண்ணி, என்னைக் கேட்காமலேயே.

மேற்பார்வையாளர் போனதும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “நான் தொலைஞ்சிருந்தா என்ன அண்ணி பண்ணியிருப்பீங்க?”

“அவர் மூடுறதுக்கு முன்னாடி நானே மூடியிருப்பேன். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேக்காத வழி எனக்கு எதுக்குடி?”

சொல்லிவிட்டுப் பெஞ்சடியில் இருந்த பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “வா, அந்த மரம் விழுந்த இடத்தைக் காட்டு. நீ முன்னால நட.”