மோசஸ் ரோஜாவுக்கு ஊற்றிய பீர்

குன்னூரில் தேயிலை வியாபாரத்தில் இருப்பவர்களிடம் மோசஸின் நாக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், லேசில் விடமாட்டார்கள். ஏலத்துக்கு வரும் தூள்களை வரிசையாகக் கோப்பைகளில் ஊறவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சுவார். வாயில் ஒரு சுற்றுச் சுற்றி வாளியில் துப்புவார். இலை சரியாக வாடியதா, சூட்டில் கருகியதா என்று சொல்லிவிடுவார். முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

மற்றபடி சாதுவான மனிதர். சபைக் கமிட்டியில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை ஆலயத்தில் எழுந்து மதுவிலக்கைப் பற்றிப் பேசுவது அவர்தான். அதைக் கேட்டு யாராவது குடியை விட்டார்களா என்றால், தெரியாது. குடிக்கிறவர்கள் அவரைக் கண்டால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள், அது மட்டும் நிச்சயம்.

அப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகள் ஹன்னா பெங்களூரில் பீர் காய்ச்சுகிறாள். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். கைப்பக்குவம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரிக்கும் சின்ன ஆலை ஒன்றில் வேலை. 'கிராஃப்ட் பீர்' என்கிறார்களே, அது. ஊரில் யார் கேட்டாலும், "ஃபுட் கம்பெனியில இருக்கா" என்பார் மோசஸ். பொய் இல்லையே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

அவருடைய வீடு சரிவில் கட்டியது. அடியில் மண்ணைக் குடைந்து, கல் வைத்துக் கட்டிய ஓர் அறை உண்டு. உருளைக்கிழங்கும் விறகும் போட்டுவைக்கிற இடம், கோடையிலும் சில்லென்றிருக்கும். லேசான பீர் நாள்பட்டால் கெட்டுப்போகும், வீரியமான கறுப்புப் பீர் மட்டும் இருட்டிலும் குளிரிலும் கிடக்கக் கிடக்கப் பதமாகும் என்றாள் ஹன்னா. லீவில் வரும்போதெல்லாம் லேபிள் ஒட்டாத சில பாட்டில்களை அங்கே அடுக்கி வைத்தாள். மகள் கேட்டதை மறுத்துப் பழக்கமில்லாத மோசஸ், அறைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார்.

இந்த டிசம்பரில் வந்தவள் அப்பாவிடம் ஒன்று கேட்டாள்.

"வருசக்கணக்குல போட்டுவச்சா எவன் வாங்குவான்னு எங்க முதலாளி சொல்றாருங்கப்பா. அவருகிட்டச் சண்டை போடறதுக்கு முன்னால நீங்க ஒரு வாய் பார்த்துச் சொல்லோணும். நீங்க நல்லால்லைன்னு சொன்னா விட்டர்றேன். வேற யாரு நாக்கையும் நான் நம்பறதில்லை."

மோசஸ் யோசித்தார். துப்பிவிட்டால் குடித்ததாகாது என்று முடிவு கட்டினார். மனைவி லோயிஸ் ஊட்டி காந்தலில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போன நாளாகப் பார்த்து, சமையலறை மேஜையில் கிளாஸ்களையும் பக்கத்தில் துப்ப ஒரு வாளியையும் வைத்தார்கள்.

இந்த வருடத்துப் பீர் முரட்டுத்தனமாக இருந்தது. நாக்கைச் சுட்டது, தொண்டைவரை ஏறியது. துப்பினார். போன வருடத்தது அடங்கியிருந்தது. அதையும் துப்பினார். மூன்றாவது, ஹன்னா முதன்முதலாகத் தன் சொந்தப் பக்குவத்தில் செய்தது. அதில் மிஞ்சியது அந்த ஒரே பாட்டில்தான். மோசஸ் உறிஞ்சினார். முதலில் கருப்பட்டிப் பாகு, அப்புறம் உலர்ந்த அத்தி, கடைசியில் நல்ல மழைக்குப் பிறகு காட்டுக்குள் வருமே, அந்த ஈர மண் வாசம். வாளிப் பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றார். விழுங்கிவிட்டிருந்தார்.

ஹன்னா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாய் திறக்கப் போனார்.

"ஏனுங்ண்ணா, ஊட்ல இருக்கீங்களா?" என்று கேட்டபடியே தபித்தாள் உள்ளே வந்துவிட்டாள். சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர், கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீத பவனி போவதைப் பற்றிப் பேச வந்திருந்தாள். "என்னங்ண்ணா, ஒரே புளிச்ச வாசமா அடிக்குது?"

மோசஸின் முகத்தில் ஈயாடவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்லைம்மா. வெல்லக் கரைசல். ரோஜாவுக்கு ஊத்தறதுக்கு ஊறப்போட்டது."

அவள் அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். தபித்தாளுக்கு ரோஜா என்றால் உயிர். "அப்படிங்களா? ஊத்திக் காட்டுங்க, நானும் பார்த்துக்கறேன்" என்று அவருக்கு முன்னால் பின்வாசலுக்கு நடந்தாள். மோசஸ் தன் முன்னே திறந்திருந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார். அது மிஞ்சியிருந்த அந்த ஒரே பாட்டில் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஊற்றினார். ரோஜாத் தொட்டியின் மண்ணில் கறுப்பாக நுரைத்துக்கொண்டு இறங்கியது.

"நுரைக்குதுங்களே!" என்றாள் தபித்தாள் சந்தேகமாக.

மோசஸுக்குப் பின்னாலிருந்து ஹன்னாவின் குரல் வந்தது.

"புளிச்சா நுரைக்கத்தானுங்க ஆன்ட்டி செய்யும். நீங்க ஊத்தறப்பத் தண்ணி கலந்துக்கோங்க."

"ஃபுட் கம்பெனியில வேலை பார்க்கற புள்ளைன்னா சும்மாவா!" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, பவனிக்கு நாள் குறித்துக்கொண்டு தபித்தாள் கிளம்பினாள்.

ஹன்னா கிளாஸ்களைக் கழுவினாள். அவள் கோபத்தில் கத்தியிருந்தால் மோசஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"கடைசில பார்த்தது எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களேப்பா."

"துப்ப மனசு வரலை கண்ணு. முழுங்கிட்டேன். இத்தனை வருசத்துல என் நாக்குக்கு இப்படி ஒண்ணு வந்ததில்லை."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு, "இதைத் தபித்தா ஆன்ட்டி இருக்கறப்பச் சொல்லியிருக்கலாமுங்கப்பா" என்றாள்.

மோசஸ் கூனிக் குறுகிப் போனார். மகள் செய்கிற தொழிலால் தனக்குத் தலைகுனிவு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பொய் சொன்னது அவர். அதற்கு முட்டுக்கொடுத்துக் காப்பாற்றியது அவள்.

மறுநாள் காலை ஹன்னா கீழறையிலிருந்த மிச்சப் பாட்டில்களையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கினாள். "இனிமே பெங்களூர்லயே ஒரு இடம் பார்த்து வச்சுக்கறேனுங்கப்பா" என்றாள். முதலாளியிடம் பேசப் போகிறாளா என்று கேட்கும் யோக்கியதை தனக்கு இருப்பதாக மோசஸுக்குத் தோன்றவில்லை. ரோட்டில் கார் நின்றது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வாசல்வரை கொண்டுவந்தார்கள்.

வாசலில் ஹன்னா பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னாள். உள்ளே போய் ஒரு போர்வையை எடுத்துவந்து, யாரும் கேட்காமலே, பாட்டில்கள் வெளியே தெரியாதபடி நாலு பக்கமும் மூடினாள்.

வேண்டாம், எடுத்துவிடு என்று சொல்ல மோசஸ் வாயெடுத்தார். ரோட்டில் தெரிந்தவர்கள் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். தன் பக்கம் விலகியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, பெட்டியைத் தூக்கினார்.