எம்.எஸ்ஸி. தெரியணும்

"ஏ அண்ணாச்சி, போனு தோசைக்கல்லு மாதிரில்லா சுடுது!"

இல்லாததைப் போன் கேமராவில் இருப்பதாகக் காட்டும் ஏ.ஆர். வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு இதுதான். சொன்னவர் கல்யாணப் பெண்ணின் அம்மா.

சங்கரன்கோவிலில் மேடை அலங்காரம் செய்யும் முருகேசன் அண்ணாச்சிக்காக ஓர் ஆப் செய்திருந்தேன். காலி மண்டபத்தை போன் கேமராவில் பார்த்தால், வரப்போகும் மேடை அங்கேயே நிற்பதுபோலத் தெரியும். அந்த அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால் ஆர்டர் போட்டிக்கு நிற்கும் ராஜபாளையத்துக்காரருக்குப் போய்விடும்.

நான் என்ன செய்திருந்தேன்? ரோஜாவை இதழ் இதழாக மாடல் செய்து, இதழுக்கு இதழ் பனித்துளி வைத்து, துளிக்கு நிழலும் கொடுத்திருந்தேன். ஏசி அறையில், விலை கூடிய என் போனில் வழுக்கிக்கொண்டு ஓடியது. தகரக் கூரை மண்டபத்தில், அந்த அம்மாவின் பழைய போனில், மேடை கொஞ்சம் நகர்ந்தது, நின்று யோசித்தது, பிறகு நகர்ந்தது.

"வே, மேடை ஏன் விக்குது?" அண்ணாச்சி என் காதோரம் பல்லைக் கடித்தார். "அந்தம்மா போயிட்டாவன்னா உம்மையே பந்தக்காலா நட்டுருவேன், பாத்துக்கிடும்."

நல்லவேளை, சோதனைக்கு வைத்த செட்டிங்ஸ் ஆப்புக்குள்ளேயே இருந்தது. நிழலை ஆஃப் செய்தேன். பனித்துளி போனது. கடைசியில் ரோஜாவையே தட்டைப் படமாக்கினேன். சீவிச் சிங்காரித்து அழைத்துவந்த பிள்ளைக்கு வாசலிலேயே மொட்டை அடித்ததுபோல இருந்தது. ஆனால் ஃப்ரேம் ரேட் ஏறி, படம் விக்காமல் ஓடியது. மேடை அசையாமல் நின்றது.

பூ போனதை அந்த அம்மா கவனிக்கவே இல்லை. போனைப் பிடித்தபடி மண்டபத்தைச் சுற்றி நடந்தார். "இங்கன தூணு மறைக்கும், சோபாவை அங்கன தள்ளணும். அப்பதான் மாப்ள வீட்டு அத்தைமாரு போட்டோவுக்கு நிக்க எடம் காணும்."

எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஏ தம்பி, பேரு போர்டு ஏன் கலங்கலாத் தெரியுது?"

பூவுக்கு வாரி இறைத்தவன், பெயர்ப்பலகைக்கு டெக்ஸ்சரை, அதாவது படத் துல்லியத்தை, கிள்ளித்தான் கொடுத்திருந்தேன். மகள் பெயருக்குப் பக்கத்தில் 'எம்.எஸ்ஸி.' சாம்பார்க் கறைபோல இருந்தது.

"மாப்ள வெறும் பி.எஸ்ஸி. எம் பிள்ள எம்.எஸ்ஸி. அது வாசல்ல இருந்தே தெரியணும். பூவு எப்பிடியும் இருந்துட்டுப் போவுது."

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, ரோஜாவிடம் பிடுங்கியதையெல்லாம் அந்த எம்.எஸ்ஸி.க்குக் கொடுத்தேன். ஆர்டர் அண்ணாச்சிக்கே கிடைத்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: போனுக்குத் தெம்பு கொஞ்சம். பார்ப்பவர் கண் எங்கே போகும் என்று அவரையே கேளுங்கள். இருப்பதை அங்கே செலவழியுங்கள்.

கல்யாணத்தன்று மேடையில் நிஜ ரோஜாக்கள். அவற்றில் பனித்துளி இருந்ததா என்று கேட்காதீர்கள். நான் முதல் பந்திக்கு ஓடிவிட்டேன்.